பேரிடர் திட்டம் ஊருக்குள் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் பிறந்துவிட்டால் நம் ஊர்ப் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வரும். வடகிழக்குப் பருவமழை முன்னேற்பாடுகள் குறித்து ஆட்சியர் தலைமையில் ஆலோசனைக் கூட்டம். பெரிய மேஜை, இரண்டு பக்கமும் அதிகாரிகள், மணல் மூட்டை, ஜெனரேட்டர், மரம் அறுக்கிற மெஷின் எல்லாம் தயார் என்று நாலு வரி. அதைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அந்தக் கூட்டமும் வேண்டும், மணல் மூட்டையும் வேண்டும். ஆனால் அந்த மேஜையில் பேசியது எங்கள் தெருவுக்கு எப்போது வந்து சேரும் என்பதுதான் என் கேள்வி. தூத்துக்குடி மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவில் தாமிரபரணி ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருக்கிறேன், மகளிர் சுய உதவிக் குழு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய வெள்ளத்தைப் பார்த்த பிறகும், "தண்ணி வந்தா உங்க தெரு ஆட்கள் எங்க போவணும், யாரு கூட்டிட்டுப் போவா" என்று இதுவரை யாரும் எங்களிடம் உட்கார்ந்து பேசியதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்ததை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் எண்களை ஒருதரம் எழுதிவிடுகிறேன், மறதி அவ்வளவு வேகமாக வருகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மூலைக்கரைப்பட்டியில் 61, மலை மேல் மாஞ்சோலையில் 55, மழையே பார்க்காத கோவில்பட்டியில் 53. தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருஷம் முழுக்கப் பார்க்கிற மழையைவிட அதிகம் காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் கொட்டியது. இவ்வளவுக்கும் அது புயலே இல்லை. குமரிக்கடல் பக்கம் மேலே நின்ற ஒரு காற்றுச் சுழற்சி, அது நகராமல் நின்றுகொண்டே கொட்டியது. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயல் சென்னையை மிதக்கவிட்டது. அதற்குப் பெயர் இருந்தது, டிவியில் நாள் முழுக்க அதன் சுழியைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள், நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம், சென்னைக்காரர்களை நினைத்து வருத்தப்பட்டோம். நமக்கு வந்த மழைக்குப் பெயரே இல்லை. பெயர் வைக்காத மழைக்கு ஊரில் யாரும் பயப்படுவதில்லை, அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மறுநாள் வளைகாப்புக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் 'புயல் வந்தால்' என்று தொடங்குகிற திட்டம் நம் மாவட்டங்களுக்குக் காணாது. புயலாக வந்தாலும் சரி, பெயரில்லாத மழையாக வந்தாலும் சரி, ஊர் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறப்பு, கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும் என்று அறிவிப்பு வரும். கன அடியை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் என்ன செய்ய முடியும்? தண்ணீர் படித்துறையில் எத்தனையாவது படிக்கு வரும், சுடுகாட்டுப் பாதை முங்குமா, வாழைக்குள் எந்நேரம் ஏறும், கீழத்தெருவுக்கு வருமா வராதா, இதைச் சொன்னால்தான் ஒரு ஆள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார். அதுவும் அணைத் தண்ணீர் மட்டுமா ஆற்றில் வருகிறது? கடனா நதி வந்து சேருகிறது, பச்சையாறு வருகிறது, சீவலப்பேரியில் சிற்றாறு கலக்கிறது, எல்லாம் அந்த மூன்று அணைகளுக்கும் கீழே. அணையில் திறந்த கணக்கை மட்டும் கேட்டுவிட்டு, 'இவ்வளவுதானே' என்று உட்கார்ந்திருந்தால் ஆபத்து. அப்புறம் குளங்கள். ஒரு குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளம், அது நிறைந்து அதற்கடுத்த குளம் என்று நம் பக்கம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது. மேலே ஒரு கரை உடைந்தால் கீழே இருக்கிற கரைகளும் தாங்காது. 2023-ல் நிறைய ஊர்களுக்குள் வந்த தண்ணீர் ஆற்றுத் தண்ணீர் இல்லை, உடைந்த குளத்துத் தண்ணீர். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு முதுகுப் பக்கமிருந்து வெள்ளம் வந்தது.

செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. 2023-ல் தண்ணீர் எதுவரை ஏறியது என்பது எங்கள் ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும், சுவரில் கறை இன்னும் போகாத வீடுகள்கூட உண்டு. அந்த உயரத்துக்கு ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால்வாடி, தெருமுனைக் கரண்டுக் கம்பம் எல்லாவற்றிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டு, வருஷத்தையும் எழுதி வைக்கலாம். பெரியவர்களைக் கேட்டு 1992 நவம்பர் வெள்ளத்துக்கும் ஒரு கோடு. இரண்டு கோட்டையும் தினமும் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு எது மேடு எது பள்ளம் என்று யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். புதிதாக வீடு கட்ட மனை பார்க்க வருகிறவர்களுக்கும் அது உதவும், மனை விற்கிறவர்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

முன்னேற்பாடு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நாம் வெளியே தேட வேண்டிய அவசியமே இல்லை. திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் முங்கும், முங்கத்தான் செய்யும் என்று தெரிந்தே கட்டிய கோயில். வெள்ளம் வருகிறது என்றதும் உற்சவரையும் உண்டியலையும் மற்ற சாமான்களையும் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எதை முதலில் எடுக்க வேண்டும், எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்குக் கூடிப் பேசி முடிவு செய்கிற விஷயம் இல்லை, காலம் காலமாக முடிவாகி இருப்பது. தண்ணீர் வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜை தொடங்கிவிடும். திருநெல்வேலிக்காரர்களுக்கு ஆற்றின் அளவுகோலே அந்தக் கோயில்தான், "முருகன் கோயில் முங்கிட்டா?" என்று கேட்டுத்தான் வெள்ளத்தின் பெருமை சிறுமையைத் தெரிந்துகொள்வார்கள். சாமிக்கு இருக்கிற இந்த ஏற்பாடு, எங்கள் தெருவில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார்கள். அன்று ராத்திரி கரண்டு போய், தண்ணீர் திண்ணையைத் தாண்டி நடுவீட்டுக்கு வந்தபோது கட்டிலோடு தூக்கிவிடலாம் என்று பையன்கள் நாலு பேர் வந்தார்கள். கட்டில் வாசலில் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், ஆச்சி வலி தாங்காமல் கத்துகிறார்கள். கதவைக் கழற்றலாம் என்றால் ஆணி துருப்பிடித்துக் கிடக்கிறது, டார்ச் வெளிச்சத்தில் சுத்தியலைத் தேட வேண்டியிருந்தது. கடைசியில் அவர்கள் மருமகள்தான் இரண்டு நூல் சேலையை மடித்துத் தொட்டில் மாதிரி முடிச்சுப் போட்டாள், அதில் கிடத்தி, இடுப்பளவு தண்ணீரில் மாடி வீட்டுக்குக் கொண்டுபோனோம். அரை மணி நேரம் போயிருக்கும். அந்த அரை மணி நேரத்தில் தெருவில் தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்துவிட்டது. பகலில், வெளிச்சத்தில், தண்ணீர் இல்லாதபோது ஒருதரம் செய்து பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. ஒத்திகை என்று சொல்வது இதைத்தான். தீயணைப்புத் துறையினர் பள்ளிக்கூட மைதானத்தில் செய்து காட்டுகிறார்கள், நல்ல காரியம், ஆனால் அங்கே யாரும் ஆச்சி வீட்டு வாசல் அகலத்தை அளந்து பார்ப்பதில்லை.

எங்கள் குழுவில் வாரா வாரம் சேமிப்பு நோட்டு எழுதுகிறோம். எந்த வீட்டில் யார் முழுகாமல் இருக்கிறாள், யாருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ், எந்த வீட்டில் ஆண் துணை கிடையாது, யாருக்குக் காது கேட்காது, எல்லாம் எங்களுக்குக் கேட்காமலே தெரியும். எந்த ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் இந்தக் கணக்கு இல்லை. அந்த நோட்டில் கூடுதலாக நாலு பக்கம் ஒதுக்கினால் போதும், இன்னார் வீட்டுக்கு இன்னார் பொறுப்பு, அவர் ஊரில் இல்லாவிட்டால் இன்னார் என்று எழுதிவிடலாம். தமிழ்நாடு முழுக்க இப்படிக் குழுக்கள் இருக்கின்றன, பேரிடர் நேரத்தில் எங்களைச் சோறு பொங்கத்தான் கூப்பிடுகிறார்கள். பொங்குவோம், அதில் குறைவில்லை. அதற்கு முன்னால் பட்டியல் எழுதவும் கூப்பிடுங்கள்.

அடுத்து எச்சரிக்கை. அன்றைக்கு ராத்திரியே செல்போன் டவர்கள் போய்விட்டன, கரண்டு இல்லை, இருந்த போனும் சார்ஜ் இறங்கிவிட்டது. மழை, வெள்ள எச்சரிக்கைக்கு அரசு டிஎன் ஸ்மார்ட் என்று ஒரு செயலி வைத்திருக்கிறது, போனில் அலறுகிற மாதிரி எச்சரிக்கை அனுப்பியும் சோதித்துப் பார்த்தார்கள், இரண்டும் நல்லதே. ஆனால் அதெல்லாம் மழைக்கு முந்தின நாள் வரைக்கும்தான். அதற்கப்புறம் ஊருக்குள் ஒரு குரல் வேண்டும். கோயில் மைக், பள்ளிவாசல் ஒலிபெருக்கி, சர்ச் மணி மூன்றும் நம் பக்கத்தில் இல்லாத ஊர் குறைவு. அவற்றுக்கு ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் போதும். தண்டோரா போடுவதை 2022-ல் அரசு நிறுத்தச் சொன்னது, அது சரியான முடிவு, ஒரு மனிதரைத் தப்படிக்க வைத்துச் சேதி சொல்லும் வழக்கம் போகட்டும். அந்த இடத்தில் கையில் பிடிக்கிற ஸ்பீக்கர் வாங்கித் தெருவுக்கு ஒன்று கொடுத்தார்களா என்றால், எங்கள் ஊருக்கு இன்னும் வரவில்லை.

மைக்கோ மணியோ எதுவானாலும், அது அடித்தால் என்ன அர்த்தம் என்பது முன்னாலேயே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் மாவி என்று ஒரு தீவு. 2023 ஆகஸ்ட் 8-ம் தேதி, டோரா என்ற சூறாவளி அந்தத் தீவுகளுக்கு ரொம்பத் தெற்கே கடலோடு போய்க்கொண்டிருந்தது, கரைக்கு வரவே இல்லை. ஆனால் அன்றைக்கு அங்கே அடித்த பேய்க்காற்றுக்கு அதுவும் ஒரு காரணம். கரண்டுக் கம்பங்கள் சாய்ந்தன, காய்ந்த புல் பற்றியது, லஹைனா என்ற பழைய ஊர் ஒரே நாளில் எரிந்து போனது, நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தத் தீவில் அபாயச் சங்குகள் இருக்கின்றன, மாதா மாதம் ஊதிச் சோதிக்கிற சங்குகள். அன்றைக்கு ஒன்றுகூட ஊதவில்லை. சங்கு ஊதினால் ஜனங்கள் சுனாமி என்று நினைத்து மலைப் பக்கம் ஓடுவார்கள், தீ அங்கேதானே இருக்கிறது, அதனால் ஊதவில்லை என்று அங்கே பொறுப்பில் இருந்த அதிகாரி சொன்னார், சில நாளில் பதவியை விட்டும் போனார். அவர் சொன்னது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் பாருங்கள், சங்கு இருந்தது, கரண்டும் போனும் போன நேரத்தில் அதுதான் கைகொடுத்திருக்கும், அது எதற்கு ஊதுகிறது என்று ஜனங்களுக்குச் சொல்லி வைக்காததால் ஊதவே பயந்துவிட்டார்கள். மணி விட்டு விட்டு அடித்தால் மேட்டுத் தெருவுக்குப் போ, விடாமல் அடித்தால் மாடி ஏறு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

தீ என்றதும் இன்னொன்று. என் பிறந்த ஊர் களக்காட்டுப் பக்கம், மலையடிவாரம். வெள்ளத்துக்கு நடக்கிற அளவுக்குக்கூடக் காட்டுத்தீக்குக் கூட்டம் நடப்பதில்லை, அது வனத்துறை சமாசாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 895 சதுர கிலோமீட்டர், அதன் கிழக்குப் பக்கம் முழுக்க ஊர்கள், திருக்குறுங்குடியிலிருந்து சிங்கம்பட்டி, பாபநாசம், சிவசைலம் வரை. மாசி பிறந்துவிட்டால் புல் காய்ந்து சருகாகிவிடும், வைகாசி வரைக்கும் பயம்தான். தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள், மலையில் இருக்கிற காணிப் பழங்குடியினரையும் அடிவாரத்து ஆட்களையும் தீக்காவலுக்கு வைக்கிறார்கள், செயற்கைக்கோள் பார்த்து எந்த இடத்தில் எரிகிறது என்று அதிகாரிகள் போனுக்கே தகவல் வருகிறது. ஆனால் நம் காட்டில் தீ தானாகப் பிடிப்பது அபூர்வம். புதுப்புல் தளிர்க்கட்டும் என்று வைக்கிற தீ, அணைக்காமல் போட்ட பீடி, வரப்போரம் கொளுத்துகிற குப்பை, கோயிலுக்குப் போகிறவர்கள் பொங்கிவிட்டு அணைக்காமல் விட்ட அடுப்பு, இதெல்லாம்தான். அதாவது தீ ஊரிலிருந்து காட்டுக்குப் போகிறது, அதனால் தடுப்பதும் ஊரில்தான் தொடங்க வேண்டும்.

2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் மாட்டி 20 பேருக்கு மேல் இறந்தார்களே, அன்றைக்கு முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்களில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்தார்கள். தீ சரிவில் மேல்நோக்கி ஏறும்போதுதான் வேகம் பிடிக்கும், சூடு முன்னாலேயே போய் மேலே உள்ள புல்லைக் காயவைத்துவிடும், அதனால் மேலே ஓடித் தப்ப முடியாது. பள்ளத்துக்குள் இறங்குவதும் ஆபத்து, புகையும் அனலும் அங்கேதான் அடைத்துக்கொண்டு வரும். ஏற்கெனவே எரிந்து கருகிய தரையோ, புல் இல்லாத பாறையோ பார்த்து நிற்க வேண்டும். இது என் அப்பாவுக்குத் தெரியும், ஆடு மேய்க்கப் போகிறவர்களுக்குத் தெரியும், காலேஜில் படிக்கிற என் அண்ணன் பிள்ளைகளுக்குத் தெரியாது. அடிவாரத்து ஊர்களில் தென்னந்தோப்பு, பனங்காட்டு ஓரத்தில் தை மாதமே டிராக்டரை விட்டு ஒரு பட்டை உழுது புல் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். மருந்தடிக்கிற ஸ்பிரேயர் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதை நன்றாக அலசித் தண்ணீர் நிரப்பி வைத்தால் தரையோடு வருகிற சின்னத் தீக்குப் போதும், பச்சைக் கொப்பை ஒடித்து அடிப்பதைவிட நல்லது. தீயணைப்பு வண்டி அம்பாசமுத்திரத்திலிருந்தோ நாங்குநேரியிலிருந்தோ வந்து சேரும் வரைக்கும் ஊரில் இருப்பது இவ்வளவுதான், அதையாவது சரியாக வைத்திருப்போம்.

வெளியாட்கள் வந்து சேர நேரம் ஆகும், அதுதான் இதில் அடிப்படை. 2023-ல் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போன ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அடித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது, நிலையத்தில் இருந்த அதிகாரிக்குத் தகவல் நேரத்துக்கு வந்து ரயிலை நிறுத்தி வைத்ததால் சுமார் 800 பேர் பிழைத்தார்கள். ஆனால் பிழைத்தவர்களை மீட்டு அனுப்ப 19-ம் தேதி ஆகிவிட்டது. ஹெலிகாப்டரில் சோற்றுப் பொட்டலம் போட்டார்கள், அதற்கும் முன்னால் பக்கத்து ஊர்க்காரர்கள் கையில் இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்தார்கள். அரக்கோணத்திலிருந்து தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, ராணுவம் வந்தது, கடற்கரை ஊர்களிலிருந்து மீனவ அண்ணாச்சிமார் படகோடு வந்தார்கள், எல்லாருக்கும் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் ரோடு உடைந்த பிறகு படகை லாரியில் ஏற்றிக்கொண்டு எந்த வழியாக வருவது? எந்தக் கரையில் எத்தனை பைபர் படகு, எந்த லாரி, டீசல் யார் கணக்கு என்பதெல்லாம் புரட்டாசியிலேயே எழுதி, சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றே படகு உள்ளூரில் வந்து நிற்கிற மாதிரி செய்ய வேண்டும். படகோட்டி வருகிறவருக்கு அன்றைய கூலியும் படகுக்குச் சேதம் வந்தால் ஈடும் உறுதியாகக் கிடைக்க வேண்டும், நன்றி சொல்லி அனுப்பிவிட்டால் போதாது.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. ஒடிசாவில் 1999 பெரும்புயலில் பத்தாயிரம் பேர் அளவுக்குச் செத்தார்கள். 2013-ல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சம் பேர் அளவில் முன்கூட்டியே இடம் மாற்றினார்கள், இறப்பு ஐம்பதுக்குள் நின்றது. நடுவில் பதினாலு வருஷம் அவர்கள் புயல் காப்பகம் கட்டினார்கள், ஒவ்வொரு காப்பகத்துக்கும் அந்த ஊர் ஆட்களையே குழுவாகப் போட்டார்கள், பழக்கினார்கள். வங்கதேசத்தில் 1970 புயலில் லட்சக்கணக்கில் ஜனங்கள் போனார்கள். இப்போது அங்கே 70 ஆயிரத்துக்கு மேல் தொண்டர்கள், பாதிப் பேர் பெண்கள், கொடி ஏற்றி, கை ஸ்பீக்கரில் கூப்பிட்டு, வீடு வீடாகப் போய்ச் சொல்கிறார்கள். மாடுகளுக்கென்று மண்ணை உயர்த்தி மேடு கட்டியிருக்கிறார்கள். இதைக் கேட்டபோது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் முகாமுக்கு வர மறுத்தவர்கள் பலர் சொன்ன காரணமே "ஆட்டை மாட்டை விட்டுட்டு எப்படி வர?" என்பதுதான். கறவை மாடுதான் அந்த வீட்டுக்கு வருமானம், அதைக் கட்டிப்போட்டுவிட்டு வா என்றால் யார் வருவார்கள்? இன்னொரு காரணம் கக்கூஸ். பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தாழ்ப்பாள் இல்லாத ஒரே கக்கூஸ் உள்ள கட்டடத்தில் இருநூறு பேரோடு எப்படி இருப்பது என்று ஒரு தாய் கேட்டால் அதற்கு அதட்டல் பதில் ஆகாது. முகாம் என்று குறித்து வைத்திருக்கிற கட்டடங்களை ஒரு பெண் போய்ப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு பட்டியலில் சேருங்கள். அந்தக் கட்டடம் பள்ளத்தில் இல்லை என்பதையும் பார்த்துவிடுங்கள், பள்ளத்துப் பள்ளிக்கூடத்தை முகாமாக எழுதி வைத்த ஊரும் எனக்குத் தெரியும்.

சரி, இதை எப்போது செய்வது? நமக்கு ஏற்கெனவே நாள் இருக்கிறது. அக்டோபர் 2-ல் கிராம சபை, அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் வடகிழக்குப் பருவமழை. ஜனவரி 26-ல் கிராம சபை, அடுத்த மாதம் காட்டுத்தீக் காலம். இரண்டும் அவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கின்றன. ஆற்றங்கரை, குளத்தங்கரை ஊர்களில் அக்டோபர் 2 அன்று தீர்மானம் வாசித்துக் கையெழுத்து வாங்கியதும் எழுந்து போகாமல், குளத்து மடையைப் பார்த்துக்கொள்கிறவர், கரண்டு வயர்மேன், கிராம செவிலியர், ஆப்த மித்ரா என்கிற பேரிடர் மீட்புத் தொண்டர் பயிற்சி எடுத்த பிள்ளைகள், மாடி வீட்டுக்காரர்கள், டிராக்டர் வைத்திருப்பவர்கள் எல்லாரையும் அங்கேயே உட்காரவைத்து ஒரே தாளில் எழுதிவிட வேண்டும். யார் வீட்டு மாடி திறந்திருக்கும், மடையைத் திறப்பது யார் பொறுப்பு, டிரான்ஸ்பார்மரை நிறுத்தச் சொல்லி யார் போன் போடுவது. அந்தத் தாளை ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். மலையடிவார ஊர்களில் ஜனவரி 26-ல் அதையே தீக்குச் செய்ய வேண்டும். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டத்தில் ஆட்சியரைத் தலைவராக வைத்தாலும் உள்ளாட்சிகளுக்கும் கடமை எழுதியிருக்கிறது, அதனால் ஊராட்சி இதைச் செய்ய யாருடைய தனி அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டில் செய்ய வேண்டியதை நாங்கள் குழுவில் தொடங்கிவிட்டோம். ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக், நகை அடகு ரசீது எல்லாம் ஒரு தடித்த பிளாஸ்டிக் கவரில், பரணில் அல்ல, கைக்கு எட்டுகிற ஆணியில். அவல், பொரிகடலை, கருப்பட்டி, மூன்று நாள் மாத்திரை, கைக்குழந்தை இருந்தால் பால் பவுடர். சிவப்பு எச்சரிக்கை என்றதும் குடங்களில் குடிதண்ணீர் பிடித்து உயரத்தில் வைப்பது, மாட்டின் கயிற்றை அவிழ்த்து விடுவது, கேஸ் சிலிண்டரை மூடிக் கட்டுவது, மெயின் சுவிட்சை அணைப்பது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குள் போகும்போது கம்பால் தட்டித் தட்டிப் போக வேண்டும், பாம்பு மெத்தைக்கு அடியில்கூட இருக்கும். எல்லாம் தெரிந்ததுதானே என்று சிலர் சொல்கிறார்கள். தெரியும்தான், ஆனால் அன்று ராத்திரி எங்கள் தெருவில் அவிழ்க்காமல் விட்டதால் தொழுவத்திலேயே போன மாடுகள் உண்டு.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். அணை நிலவரம் என்று தினமும் அடி, கன அடி போடுகிறீர்கள். மழைக்காலத்தில் அதன் பக்கத்திலேயே, இந்த அளவு தண்ணீர் வந்தால் திருநெல்வேலியில் எந்தப் படித்துறை, மருதூர் அணைக்கட்டில் எவ்வளவு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் எவ்வளவு, ஏரல், ஆத்தூர்ப் பக்கம் எந்த ரோடு, வந்து சேர எத்தனை மணி நேரம் என்று நீர்வளத் துறை இன்ஜினியர்களைக் கேட்டு நாலு வரி போடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ஐ முதல் பக்கத்தில் போடுங்கள். செப்டம்பர் மாத ஆலோசனைக் கூட்டத்துக்கு நிருபரை அனுப்புகிற மாதிரி அக்டோபர் 2 அன்று ஏதாவது ஒரு ஆற்றங்கரை ஊர்க் கிராம சபைக்கும் ஒருவரை அனுப்பி, அந்த ஒரு தாள் எழுதப்பட்டதா இல்லையா என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஊருக்கு வந்தாலும் சரி, எங்கள் தாளை எடுத்துக் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்